ரேஞ்ச்ஃபைண்டரில் போலரைசர்: பார்க்காமல் சுழற்ற முடியுமா?

மஞ்சள், சிவப்பு ஃபில்டர்களை லென்ஸில் திருகி மாட்டினால் வேலை முடிந்தது. வானத்தைக் கருக்கவும் பிரதிபலிப்பை நீக்கவும் உதவும் போலரைசர் அப்படியல்ல. அதைச் சுழற்ற வேண்டும், சுழற்றும்போது காட்சி மாறுவதைப் பார்க்க வேண்டும், சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். எஸ்.எல்.ஆர். கேமராவில் இதற்குத் தடையே இல்லை. லென்ஸ் காண்பதைத்தான் கண்ணும் காண்கிறது. ரேஞ்ச்ஃபைண்டரில் பார்க்கும் ஜன்னல் வேறு, படமெடுக்கும் லென்ஸ் வேறு. ஃபில்டரை எத்தனை சுற்று சுழற்றினாலும் ஜன்னலில் தெரியும் வானம் அதே வெளிர்நீலம்தான்.

அப்படியானால் அந்தக் கேமராவில் போலரைசரைப் பயன்படுத்துவது எப்படி, அதுவும் அதிகம் செலவழிக்காமல்? 1930களின் நடுப்பகுதியிலிருந்து இக்கேள்விக்குப் பல விடைகள் வந்துள்ளன. சில கேமரா நிறுவனங்கள் தந்தவை, சில பயன்படுத்துவோர் கண்டவை. பிரச்சினையே இல்லை, அந்த ஃபில்டரே தேவையில்லை என்பதும் ஒரு விடை.

ஃபில்டரும் கேமராவும் ஒரே காலத்தவை

ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளி ஒரே தளத்தில் அதிர்வது, பற்றிய அறிவு பழையது. பிரெஞ்சு அறிவியலாளர் மாலஸ் 1808இல் பாரிஸில், ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைக் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தபோது, படிகத்தைச் சுழற்றச் சுழற்ற ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். நீல வானத்தின் ஒளிக்கும் அதே இயல்பு உண்டென்று அடுத்த ஆண்டு அராகோ கண்டறிந்தார். எந்தக் கோணத்தில் பிரதிபலிப்பு முழுத் தளவிளைவு பெறும் என்பதை 1815இல் புரூஸ்டர் விதியாக வகுத்தார். எனினும் நூறாண்டுக்கு மேலாக இந்த அறிவு ஆய்வகத்தைத் தாண்டவில்லை. 1828இல் வந்த நிக்கல் பட்டகம் வேலை செய்தது. ஆனால் சிறிய, விலையுயர்ந்த படிகத் துண்டு அது. கேமரா லென்ஸை மூடும் அகலத்தில் அதைச் செய்வது நடைமுறையில் ஆகாத காரியம்.

அமெரிக்காவில் எட்வின் லேண்ட் 1929இல் காப்புரிமை கோரிய மெல்லிய போலரைசர் தகடுதான் இதை மாற்றியது. 1934இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் கேமரா ஃபில்டருக்காக அவரிடம் தகடு வாங்க ஒப்பந்தம் செய்தது. இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் கொண்ட லைகா II, கான்டாக்ஸ் I இரண்டும் வெளிவந்தது அதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 1932இல். 35 மி.மீ. ஃபிலிமுக்கான எஸ்.எல்.ஆரான கினே எக்ஸாக்டா வந்ததோ 1936இல். ஆக இந்தச் சிக்கல் பின்னாளில் முளைத்ததல்ல. ஃபில்டர் கடைக்கு வந்தபோதே அன்றைய சிறுகேமராக்காரர்கள் அதைச் சந்தித்திருக்க வேண்டும்.

ஃபில்டர் எதை வெட்டுகிறது

தண்ணீர், கண்ணாடி, இலையின் மேற்பளபளப்பு, வண்ணப்பூச்சு இவற்றில் பட்டுச் சாய்வாகத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் தன்மையைப் பெறுகிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால் தண்ணீருக்கு ஏறத்தாழ 53 பாகை, கண்ணாடிக்கு ஏறத்தாழ 56 பாகையில் இந்தத் தன்மை உச்சம். வானத்தில் சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பட்டையில் அது வலுவாக இருக்கும். பளபளக்கும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு இந்தத் தன்மை மிகக் குறைவு. எவர்சில்வர் குடத்தின் மினுக்கைப் போலரைசரால் அடக்க முடியாததற்குக் காரணம் அதுதான். வானவில்லின் ஒளியும் தளவிளைவு பெற்றதே. ஃபில்டரைத் தவறாகச் சுழற்றினால் வில்லே படத்திலிருந்து மறைந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் எடுப்பவருக்கு இது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியவரும்.

நிறுவனங்களின் விடை: தூக்கித் திருப்பும் சட்டம்

லைகாவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனம் தந்த தீர்வு பொறியியல் வகை. லென்ஸில் ஒரு கவ்வி, அதில் கீலுடன் ஃபில்டர். கீலைத் தூக்கினால் ஃபில்டர் வ்யூஃபைண்டர் ஜன்னலின் முன் வந்து நிற்கும். பார்த்துச் சுழற்றிவிட்டு, இறக்கி லென்ஸின் முன் வைத்துப் படமெடுக்கலாம். இன்றைய லைகா எம் வரிசைக்கும் இதே கருத்தில் ஒரு யூனிவர்சல் போலரைசர் உண்டு. 39, 46 மி.மீ. லென்ஸ்களுக்கு அடாப்டர் வளையங்கள் சேர்ந்து வருகின்றன. பெரிய ஃபிலிமில் இயற்கைக் காட்சி எடுப்போர் விரும்பும் மாமியா 7 கேமராவுக்கும் மாமியா நிறுவனமே இவ்வகைச் சட்டம் ஒன்றைச் செய்தது.

தீர்வு சரி. குறைகள் வேறு இடத்தில். சட்டம் பருமனானது, சிறுகேமராவை எதற்காக வாங்கினார்களோ அந்த நோக்கத்துக்கே அது பகை. எல்லா லென்ஸ் அளவுக்கும் அது கிடைக்காது. விலையோ, அதே பணத்துக்குச் சாதாரணப் போலரைசர்கள் பல வாங்கலாம் என்ற நிலை. ஆண்டில் சில நாள் மட்டும் போலரைசர் தேவைப்படுவோருக்கு இது பொருந்தாது. முக்காலி வைத்து நாள் முழுதும் மலையும் ஏரியும் எடுப்பவருக்கு வேண்டுமானால் செலவு தகும்.

எண்ணைப் படித்து மாற்றுவது

இரண்டாவது விடைக்கு இரட்டை லென்ஸ் ரோலைஃபிளெக்ஸ் பயனர்களும் பழகியிருந்தார்கள். ரோலையின் போலரைசர் விளிம்பில் அளவுக்குறிகள் பொறித்திருக்கும். மேல் லென்ஸில் மாட்டிச் சுழற்றி, உச்சியில் நிற்கும் குறியைப் படித்துக்கொண்டு, கழற்றிக் கீழ் லென்ஸில் அதே குறி உச்சியில் நிற்கும்படி வைப்பார்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் மேல் லென்ஸின் வேலையை வெறுங்கண் செய்கிறது. ஃபில்டரைக் கண்ணருகே பிடித்துச் சுழற்றி, வேண்டிய விளைவு வந்ததும் உச்சியில் எது நிற்கிறதென்று பார்த்து, லென்ஸில் மாட்டி அதையே உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். ஹெலியோபான் போன்ற நிறுவனங்களின் ஃபில்டர்களில் சுழலும் வளையத்திலேயே எண்கள் உண்டு. எண் இல்லாத மலிவு ஃபில்டரிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தால் போதும். புள்ளி இரண்டு மணி இடத்தில் நிற்கிறதா, பத்து மணி இடத்திலா என்று கடிகார முகத்தை நினைத்து மனதில் கொள்ளலாம்.

இப்படிக் கண்மதிப்பாக மாற்றினால் துல்லியம் போய்விடாதா என்பது இம்முறைக்கு எதிராக வழக்கமாக எழும் ஐயம். ஃபில்டரின் கோணத்துக்கேற்ப எவ்வளவு ஒளி கசியும் என்று சொல்லும் மாலஸ் விதியே இதற்குப் பதில் தருகிறது. முழுத் தளவிளைவு பெற்ற ஒளியை அடைக்கும் நிலையிலிருந்து ஃபில்டர் 10 பாகை பிசகினால் கசிவது 3 சதவீதம்தான். 15 பாகைக்கு, அதாவது கடிகாரத்தில் அரைமணி இடைவெளிக்கு, ஏறத்தாழ 7 சதவீதம். 30 பாகை பிசகினால் 25 சதவீதம். 45 பாகையில் பாதி. முதல் சில பாகைகளில் விதி மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறது. விலையுயர்ந்த சட்டத்தின் துல்லியத்துக்கும் நகப்பூச்சுப் புள்ளியின் துல்லியத்துக்கும் படத்தில் தெரியும் வித்தியாசம் சொற்பமாகவே இருக்கும்.

பிசகு வருவது வேறு வழிகளில். ஃபில்டரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால் கோணம் இடவலமாக மாறிவிடும். வலப்பக்கம் சாய்ந்தது இடப்பக்கம் சாயும். திருகுமரை உள்ள பக்கம் எப்போதும் கண்ணை நோக்கியே இருக்க வேண்டும். சர்க்குலர் வகையாக இருந்தால் திருப்பிப் பிடிக்கும்போது விளைவே தெரியாது. இன்னொன்று, ‘உச்சி’ என்பது கேமராவின் உச்சியல்ல, ஆகாயத்தின் பக்கம். படுக்கைவாட்டில் அமைத்துவிட்டு, அப்படியே கேமராவை நிமிர்த்தி நெடுவாட்டில் எடுத்தால் ஃபில்டரும் 90 பாகை திரும்பிவிடும். அடைத்த ஒளி அத்தனையும் உள்ளே வரும். எஸ்.எல்.ஆர். காட்டிக்கொடுத்துவிடும் இந்தத் தவறை ரேஞ்ச்ஃபைண்டர் காட்டாது. லைகாவின் எல்மார் போன்ற சில பழைய லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியும் சேர்ந்து சுழலும். அவற்றில் முதலில் ஃபோகஸ், பிறகே ஃபில்டர்.

இரண்டு ஃபில்டர் வாங்கி ஒன்றை லென்ஸிலும் மற்றதைக் கையிலும் வைத்துக்கொள்வது இதன் கிளைமுறை. கழற்றி மாட்டும் வேலை மிச்சம். கையில் இருப்பது எந்த அளவானாலும் பரவாயில்லை என்பதால் பழைய கடையில் கிடைக்கும் சிறியது ஒன்றே போதும். இரண்டின் புள்ளிகளும் ஒரே அச்சை, அதாவது ஃபில்டர் ஒளியை உள்ளே விடும் தளத்தை, காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பார்க்கவே தேவையில்லை என்னும் கட்சி

இருப்பதில் மிக மலிவானதும், ஆச்சரியமாக மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இந்த மூன்றாம் விடைதான். ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறதென்று முன்கூட்டியே தெரிந்தால் எதையும் பார்க்க வேண்டியதில்லை. வானத்தைக் கருக்க ஃபில்டரின் அச்சு சூரியனை நோக்க வேண்டும். தண்ணீர், ஈரத் தார்ச்சாலை, பளிங்குத் தரை போன்ற கிடைப்பரப்புகளின் மினுக்கை நீக்க அச்சு செங்குத்தாக நிற்க வேண்டும். கடையின் காட்சிக் கண்ணாடி போன்ற நிமிர்ந்த பரப்பைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தால் அச்சு படுக்கையாக இருக்க வேண்டும். கோடாக்கின் தொடக்ககாலப் போலா-ஸ்கிரீன் சிலவற்றில் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடி இந்த அச்சைக் காட்டத்தான். அதைச் சூரியன் பக்கம் திருப்பினால் வானத்துக்கான வேலை முடிந்தது.

அச்சு எங்கே என்று ஃபில்டரில் குறிக்காவிட்டால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும் தரையைச் சாய்வாகப் பார்த்துக்கொண்டு ஃபில்டரைச் சுழற்ற வேண்டும். பளபளப்பு மிகவும் மங்கும் நிலையில் விளிம்பின் உச்சியில் ஒரு புள்ளி, நேர் கீழே ஒரு புள்ளி. கணினித் திரையை வைத்தும் இதைச் செய்வார்கள். ஆனால் திரைக்குத் திரை அச்சு மாறுவதால் தரையே நம்பகமானது.

இதன் எல்லையும் தெளிவு. பரப்பு ஒன்றே ஒன்றாகவும் அதன் சாய்வு தெரிந்ததாகவும் இருக்கும் வரை முறை செல்லும். பல திசையில் சாய்ந்த இலைகள் நிறைந்த மரம், வளைந்த கார்க் கண்ணாடி, ஓட்டுக்கூரையும் குளமும் வானமும் சேர்ந்த காட்சி இவற்றில் எந்த அச்சும் முழுதும் சரியாகாது. அங்கே எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் கண்தான் தீர்மானிக்க முடியும். போலரைஸ்டு குளிர்கண்ணாடி அணிந்தவருக்கு இதில் ஒரு சிறு வசதி உண்டு. அதன் அச்சு செங்குத்து. தலையைச் சாய்த்துப் பார்த்தாலே ஃபில்டரை எடுப்பது வீண்வேலையா என்பது தெரிந்துவிடும்.

லீனியர் போதுமா?

கடைகளில் இன்று பெரும்பாலும் கிடைப்பது சர்க்குலர் போலரைசர். லீனியர் தகட்டின் பின்னால் கால்-அலைத் தகடு ஒன்றைச் சேர்த்தால் அது சர்க்குலர். விலை கூடுவதும் அதனால். எஸ்.எல்.ஆர். கேமராக்களில் மீட்டருக்கோ ஆட்டோஃபோகஸுக்கோ ஒளியைப் பிரித்தனுப்பும் அரைவெள்ளிப் பூச்சுக் கண்ணாடி இருந்தால் லீனியர் ஃபில்டர் அளவைக் குழப்பக்கூடும். 1985இல் வந்த மினோல்டா 7000க்குப் பிறகு ஆட்டோஃபோகஸ் பரவியபோது சர்க்குலரே பொதுவழக்காயிற்று.

ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கண்ணாடியே கிடையாது. லைகா எம்6இன் மீட்டர்கூட ஷட்டர் திரையிலுள்ள வெள்ளை வட்டத்தில் பட்டுச் சிதறும் ஒளியைத்தான் அளக்கிறது. எனவே லீனியருக்கு எதிரான பழைய எச்சரிக்கை இங்கே செல்லாது. எஸ்.எல்.ஆர்.காரர்கள் ஒதுக்கிய லீனியர் ஃபில்டர்கள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைப்பது ரேஞ்ச்ஃபைண்டர்காரருக்கு அதிர்ஷ்டம். நிக்கான் எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் பலவற்றின் அளவான 52 மி.மீ.யில் அவை ஏராளம். 39இலிருந்து 52க்கு ஏற்றும் ஸ்டெப்-அப் வளையம் ஒன்றைச் சேர்த்தால் போதும். அகல ஃபில்டர் வ்யூஃபைண்டரின் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கும். ஆனால் படத்தின் மூலைகள் இருளாது. 36 மி.மீ. கவ்விவகை எல்மாருக்கு மட்டும் தனித் தொல்லை: அதன் அப்பெர்ச்சர் நெம்பு லென்ஸின் முகப்பிலேயே இருப்பதால் மேலே எதைக் கவ்வினாலும் அது எட்டாது.

பழைய லீனியர் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போலரைசர் தகடு வெப்பத்திலும் ஈரத்திலும் வெளுக்கும், ஒட்டுவிடும். இரண்டு ஃபில்டர்களைக் குறுக்காகப் பிடித்தால் ஏறக்குறைய கறுப்பாக வேண்டும். நீலமோ பழுப்போ கசிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

வெளிச்சக் கணக்கில் இரு கருத்துகள்

போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைத் தின்னும். மீட்டர் இல்லாத லைகா எம்3, ஃபெட், ஸோர்கி கேமராக்களில் இதைக் கையால் கூட்ட வேண்டும். யாஷிகா எலக்ட்ரோ 35இல் மீட்டர் ஜன்னல் கேமராவின் உடலில் இருப்பதால் ஃபில்டர் அதை மூடாது. 400 ஃபிலிமுக்கு டயலை 100இல் வைத்தால் இரண்டு ஸ்டாப் ஈடாகும். கேனனெட் ஜி-III போன்றவற்றில் மீட்டர் செல் ஃபில்டர் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது, கணக்கே வேண்டாம்.

லென்ஸ் வழி மீட்டரை நம்பலாமா, நிலையான எண்ணைக் கூட்டலாமா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. நிலையான எண்ணை ஆதரிப்போரின் வாதம் இது: தளவிளைவு இல்லாத பொருள்களுக்கு ஃபில்டரின் இழப்பு எந்தக் கோணத்திலும் ஒன்றே, வானம் கருத்ததைக் கண்டு மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டினால், கருக்கவென்று மாட்டிய வானம் மறுபடி வெளுக்கும். ஸ்லைடு ஃபிலிமில் இந்த வாதத்துக்கு எடை அதிகம். நெகட்டிவ் ஃபிலிமின் தாராளமான தாங்குதிறனில் இது பெரும்பாலும் ஏட்டுச் சர்ச்சைதான்.

அகலக்கோணமும் வெப்பமண்டலச் சூரியனும்

ரேஞ்ச்ஃபைண்டர்காரர்களின் செல்ல லென்ஸ்கள் 35, 28, 21 மி.மீ. அளவிலானவை. 28 மி.மீ. லென்ஸின் மூலைக்கு மூலை பார்வை ஏறத்தாழ 75 பாகை, 21க்கு 90 பாகையைத் தாண்டும். வானத்தின் தளவிளைவோ சூரியனிலிருந்து 90 பாகையில் உச்சத்திலிருந்து, 45 பாகைக்கு வருமுன் பெருமளவு தளர்ந்துவிடுகிறது. ஒரே படத்துக்குள் வானம் ஒருபக்கம் கரும்பட்டையாகவும் மறுபக்கம் வெளிறியும் நிற்பது இதனால்தான். 50 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸில் மட்டும் வானத்துக்குப் போலரைசர் போடுவது என்ற பரவலான அறிவுரை பொதுவாக நியாயமானது.

அந்த அறிவுரை சூரியன் தாழ்ந்து நிற்கும் வானத்துக்கே நன்கு பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழகத்தின் அட்சரேகையில் பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரைத் தொடக்கம் வரையிலும், மறுபடி ஆவணியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே வருகிறது. அப்போது 90 பாகைப் பட்டை அடிவானத்தைச் சுற்றி வளையமாகப் படிகிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் அடிவானத்தின் தளவிளைவு ஒரே சீர், அச்சு செங்குத்து, 28 மி.மீ. லென்ஸிலும் பக்கத்துக்குப் பக்கம் பட்டை விழாது. ஆனால் கடலோர ஈரமும் தூசும் ஒளியைப் பலமுறை சிதறடித்து இதே தளவிளைவைக் குறைத்துவிடும். நண்பகல் வெயில் முகங்களுக்கு உகந்ததும் அல்ல.

வேண்டவே வேண்டாம் என்போர்

தெருவில் கையில் எடுத்துச் சட்டென்று படமெடுக்கும் கேமராவில் ஃபில்டரைச் சுழற்ற ஏது நேரம் என்று கேட்போர் எப்போதும் உண்டு. கறுப்புவெள்ளையில் அவர்களிடம் வலுவான மாற்றும் இருக்கிறது. சிவப்பு அல்லது ஆரஞ்சு ஃபில்டர் நீலத்தை உறிஞ்சி வானத்தைக் கருக்கும். சுழற்ற வேண்டாம், பார்க்க வேண்டாம், விலையும் குறைவு. டிஜிட்டலில் வானத்தை மென்பொருளே கருக்கிவிடும்.

வானத்தளவில் இந்த வாதம் ஏற்கத்தக்கது. பிரதிபலிப்பு விஷயத்தில் ஏற்க முடியாது. சிவப்பு ஃபில்டர் குளத்தின் மினுக்கை நீக்காது. மினுக்கு மறைத்துவிட்ட மீனையும் கூழாங்கல்லையும் மென்பொருள் ஊகித்து வரையலாம், மீட்க முடியாது. ஆகவே ‘போலரைசர் தேவையா’ என்ற கேள்வியை வானத்துக்கா, நீருக்கா என்று பிரித்துக் கேட்பதே முறை.

தீர்ந்ததும் தீராததும்

2012இல் அறிவிக்கப்பட்ட லைகா எம் 240, லைவ் வ்யூ மூலம் லென்ஸ் காண்பதைத் திரையில் காட்டத் தொடங்கியபோது டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டருக்கு இச்சிக்கல் நடைமுறையில் முடிந்தது. ஆனால் அக்கேமராக்களின் விலையோடு ஒப்பிட்டால் தூக்கித் திருப்பும் சட்டமே மலிவு. லைவ் வ்யூ இல்லாத எம்8, எம்9, எப்சன் ஆர்-டி1 வைத்திருப்போர் எடுத்த படத்தைத் திரையில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஃபிலிம்காரருக்கு அதுவும் இல்லை.

ஃபிலிம்காரருக்கான குறைந்த செலவுத் தீர்வு ஏறத்தாழ முடிவானது என்றே கொள்ளலாம்: பழைய லீனியர் ஃபில்டர் ஒன்று, ஸ்டெப்-அப் வளையம் ஒன்று, அச்சில் இரண்டு புள்ளிகள். வானத்துக்கும் தண்ணீருக்கும் இதற்குமேல் செலவழிப்பது வசதிக்கான விலையே தவிர, படத்துக்கானதல்ல. சாய்வுகள் கலந்த காட்சியிலும், எதிரே இருப்பவர் நகர நகர மினுக்கு மாறும் காட்சியிலும் இந்த முறை பாதி வழியில் நின்றுவிடுகிறது. அங்கே ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டருக்கென மலிவான முழு விடை எதுவும் இதுவரை வரவில்லை. அத்தகைய படங்களுக்கு ஒரு பழைய எஸ்.எல்.ஆர். வாங்குவதே இன்றைக்கும் சிக்கனம்.